முதல் தடவை பார்த்தது பாதிதான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அன்புச் சகோதரிக்கும், கடையை அடைத்துவிட்டும் அடுப்பை அணைத்துவிட்டும் வந்து உட்கார்ந்திருக்கும் காரைக்குடி மக்களுக்கும் என் வணக்கம்.

பழைய சிரிப்புத் தொடர் ஒன்றின் ஆரம்ப சீசன்களை டிவிடியில் மறுபடி பார்த்தால் இனிமை கூடுகிறதா, குறைகிறதா? இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. எடுத்துக்கொண்ட தொடர் அமெரிக்காவின் ‘ஐ லவ் லூசி’. 1951 அக்டோபர் 15இல் தொடங்கி 1957 வரை 180 பகுதிகள் வந்த கறுப்பு வெள்ளைத் தொடர். எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ‘குறைகிறது’ என்றார். “முடிவு தெரிந்த கதையில் என்ன சிரிப்பு? சின்ன வயதில் ருசித்ததை ஞாபகத்தோடு விட்டுவிடுங்கள், திரும்ப எடுத்துப் பார்த்தால் சுருங்கித்தான் தெரியும்” என்றார்.

ஐயா, இந்தக் கேள்வியை வேறு எந்த ஊரில் கேட்டாலும் நான் யோசித்திருப்பேன். 1939இல் சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் போய்க் கூடுகிற கூட்டத்துக்கு, இராமன் காட்டுக்குப் போவான் என்பது தெரியாதா? தெரிந்தும், கைகேயி வரம் கேட்கிற இடம் வந்தால் ‘கேட்காதே தாயே’ என்று மனசு இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது. முதல் தடவை கேட்டவர் கதையைக் கேட்டார். பத்தாவது தடவை கேட்கிறவர் கம்பனைக் கேட்கிறார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பள்ளத்தூர். ஈப்போவில் இருந்த என் அம்மான், அங்கே டிவியில் வந்ததை வீடியோ கேசட்டில் பதிவு செய்து கொண்டுவருவார். எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் குழந்தைகள் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்போம். தூணில் சாய்ந்துகொண்டு அப்பத்தாவும் பார்ப்பார்கள். அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

அந்தக் கேசட்டில் எங்களுக்கு உயிர், சாக்லேட் ஃபேக்டரிக் காட்சி. 1952 செப்டம்பரில், இரண்டாவது சீசனின் முதல் பகுதியாக வந்தது. லூசியும் அவள் சிநேகிதி எத்தலும் ஓடுகிற பெல்ட் முன்னால் நிற்பார்கள். வருகிற சாக்லேட்டை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும், ஒன்றுகூடத் தப்பக் கூடாது. பெல்ட் முதலில் நிதானமாகப் போகும். அப்புறம் வேகம் பிடிக்கும். இவர்களால் முடியாது. வாயில் போடுவார்கள், தொப்பிக்குள் ஒளிப்பார்கள், சட்டைக்குள் திணிப்பார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மா வந்து, எல்லாம் சுத்தமாக இருப்பதைக் கண்டு, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லுவார். அப்பத்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். “வேலை தெரியாதவளக் கொண்டாந்து பணியார அடுப்புல உக்கார வச்சா இப்படித்தான் ஆகும்” என்பார்கள். கல்யாணத்துக்கு அதிரசமும் மணகோலமும் சீப்புச் சீடையும் டின் டின்னாகச் சுட்டுப் பார்த்த கை அது. பெல்ட்டின் வேகம் என்ன என்பது அப்பத்தாவுக்கு எங்களை விட நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது சகோதரி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அம்மான் அந்தப் பகுதியைப் பாதியிலிருந்துதான் பதிவு செய்திருந்தார். எங்களுக்கு அது தெரியாது. ரொம்ப வருடம் கழித்து, என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து டிவிடி பெட்டி வாங்கி வந்தான். அதில் முதலிலிருந்து பார்க்கிறேன். லூசி பேங்கில் இருப்பதற்கு மேல் செக் எழுதிவிடுகிறாள். கணவன் ரிக்கி கத்துகிறான். சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டை நடத்துவது கஷ்டமா என்று சண்டை வருகிறது. சரி, வேலையை மாற்றிக்கொண்டு பார்த்துவிடுவோம் என்று பந்தயம். அதனால்தான் பெண்கள் இரண்டு பேரும் ஃபேக்டரிக்குப் போகிறார்கள். ஆண்கள் இரண்டு பேரும் சமையலுக்கு வருகிறார்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு அரிசி என்று கணக்குப் போட்டு ரிக்கி உலை வைக்கிறான். நாலு பேர் சாப்பிட நாலு பவுண்டு! சோறு பொங்கி வழிந்து அடுப்பில் இறங்கித் தரைக்கு வருகிறது. கடைசியில், “சமையல் உங்களோடு இருக்கட்டும், சம்பாத்தியம் எங்களோடு இருக்கட்டும்” என்று சமாதானத்துக்கு வருகிற ஆண்கள் மனைவிகளுக்குப் பரிசாகக் கொண்டுவருவது என்ன தெரியுமா? பெரிய சாக்லேட் டப்பா!

சின்ன வயதில் நான் பார்த்தது வேலை தெரியாத இரண்டு பெண்களை. டிவிடியில் பார்த்தது, வீட்டு வேலை வேலையா இல்லையா என்ற வழக்கை. அந்த வழக்கு எங்கள் வளவிலும் நடந்திருக்கிறது. இந்த ஊரில் நடக்காத வளவு உண்டா? இனிமை இங்கே குறைந்ததா, கூடியதா?

இன்னொன்று. மறு ஒளிபரப்பு செய்கிறவர்கள் கூடுதல் விளம்பரம் போடுவதற்காக ஒவ்வொரு பகுதியிலும் நிமிடக் கணக்கில் வெட்டினார்கள். வெட்டியதைத்தான் பல தேசங்களில் பல வருடம் காட்டினார்கள். நம் ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் போய்ப் பாருங்கள். யார் வீட்டிலோ நின்ற பர்மாத் தேக்குத் தூண் தனியாக நிற்கும், நிலைக்கதவு தனியாகச் சாய்ந்திருக்கும். தூண் அழகுதான். ஆனால் முகப்பில் நுழைந்து, பட்டாலை கடந்து, வளவில் வெயில் விழுகிற இடத்தில் அந்தத் தூணைப் பார்ப்பது வேறு. டிவிடியில் வெட்டாத முழுப் பகுதி இருக்கிறது. வீடு நிற்கிற இடத்திலேயே நின்று பார்க்கலாம்.

தொடர் தொடங்கும்போது பட்டுத்துணி மேல் ஒரு இதயமும் அதில் எழுத்தும் வருமே, ‘அதுதான் லூசி, அது போதும் எனக்கு’ என்றார் சகோதரி. அந்த இதயம், மறு ஒளிபரப்புக்காகப் பிற்பாடு செய்து ஒட்டியது. 1951இல் ஜனங்கள் பார்த்த தொடக்கத்தில் லூசியும் ரிக்கியும் குச்சி பொம்மைகளாக வருவார்கள், பக்கத்தில் விளம்பரம் கொடுத்த சிகரெட் கம்பெனியின் பாக்கெட் இருக்கும். அந்தப் பழைய தொடக்கத்தையும் டிவிடியில் சேர்த்திருக்கிறார்கள். நாம் பத்திரமாக வைத்திருக்கிற ஞாபகத்தையே யாரோ நமக்குத் தெரியாமல் மாற்றி வைத்திருந்தால், அதை நம்பி எப்படி உட்கார்ந்திருப்பது?

அந்தப் பெட்டியில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு பொருள். 1951 மார்ச் 2ஆம் தேதி சோதனைக்காக எடுத்த முதல் பகுதி. ஏறக்குறைய 40 வருடம் அது தொலைந்துபோனது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். பெபிட்டோ என்ற கோமாளிக் கலைஞர் அதில் நடித்திருந்தார். ஒரு பிரதியை அவருக்கு அன்பாகக் கொடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி அதைக் காப்பாற்றி வைத்திருந்ததால், 1990இல் அது மறுபடி டிவியில் வந்தது. ரெண்டாங்கட்டு மரப்பெட்டியைத் திறந்து ஐயா காலத்து ரங்கூன் கடிதத்தை எடுத்த வீட்டுக்காரர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். அந்த நிமிடம் கை எப்படி நடுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சோதனைப் பகுதியில் எத்தலும் இல்லை, அவள் கணவன் ஃபிரெட்டும் இல்லை. லூசியாக நடித்த லூசில் பால் நிஜத்தில் கர்ப்பமாக இருக்கிறார், தொளதொள உடையில் மறைத்திருக்கிறார். படமும் மங்கல். டிவி திரையையே படம் பிடித்தது போல எடுத்த பிரதி அது. அடுத்து, அதே பெட்டியில் சீசனின் முதல் பகுதியைப் போடுங்கள். கண்ணாடி துடைத்து வைத்தது போலத் துல்லியம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஒளிபரப்பிய சி.பி.எஸ் நிறுவனமும் விளம்பரக்காரர்களும் நியூயார்க்கிலிருந்து நேரடியாக நடத்தச் சொன்னார்கள். லூசில் பாலும், ரிக்கியாக நடித்த அவர் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தார்கள். சினிமாவுக்கு உரிய 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், மூன்று கேமரா வைத்து, ரசிகர்களை எதிரில் உட்காரவைத்து எடுக்கிறோம் என்றார்கள். கார்ல் ஃபிராயிண்ட் என்ற பெரிய ஒளிப்பதிவாளரைக் கூட்டி வந்தார்கள். கேமரா மாறும்போதெல்லாம் விளக்கை மாற்றாமல் நாடகம் போலத் தொடர்ந்து நடிக்கும்படி அவர் வெளிச்சம் அமைத்தார். ஃபிலிமுக்குச் செலவு கூடுதல். அதற்கு ஈடாகக் கணவனும் மனைவியும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், ஆனால் எடுத்த ஃபிலிம் எங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கினார்கள். வட்டிக்கும் முதலுக்கும் கணக்குத் தெரிந்த ஊரில் இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது. கையில் வருகிற காசை விட்டு முதலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த முதல்தான் 50 வருடம் கழித்துப் பெட்டியில் வந்து எங்கள் வளவில் ஓடியது.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். லூசியை ரிக்கி மடியில் குப்புறப் போட்டு அடிக்கும் காட்சிகள் அந்த ஆரம்ப சீசன்களில் வருகின்றன, இன்றைக்கு அதைப் பார்த்துச் சிரிக்க முடியுமா என்று கேட்டார். முடியவில்லை தம்பி. எனக்கும் அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் சின்ன வயதில் அதே காட்சிக்கு நாங்கள் கைதட்டினோம். எங்கள் வீட்டுப் பெண்களும் கைதட்டினார்கள். ஞாபகத்தோடு விட்டிருந்தால் அந்தக் கைதட்டல் அப்படியே சரியாக இருந்திருக்கும். என் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்ததால், அதை நிறுத்திவிட்டு அவளோடு பேச முடிந்தது. அரை மணி நேரம் பேசினோம்.

அதே இரண்டாவது சீசனில், 1952 டிசம்பர் 8 அன்று வந்த பகுதியில், லூசி தான் கர்ப்பம் என்பதைக் கணவனிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். நிஜத்திலும் லூசில் பால் அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்தார். ஆனால் கர்ப்பம் என்ற சொல்லை டிவியில் சொல்லக் கூடாது என்று தடை. பாதிரியார்களிடமும் யூத குருவிடமும் கதையைக் காட்டிவிட்டு எடுத்தார்கள். ‘எதிர்பார்த்திருக்கிறாள்’ என்பது போன்ற ஒரு சொல்லால் சமாளித்தார்கள். நம் வீடுகளில் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று தாழ்ந்த குரலில் சொல்வோமே, அதேதான். இதைப் பார்த்தபோது அமெரிக்காவும் பள்ளத்தூரும் பக்கத்து வளவாகத் தெரிந்தன. ரிக்கி பாடிக்கொண்டே அந்தச் செய்தியைத் தெரிந்துகொள்கிற இடத்தில் இரண்டு பேர் கண்ணிலும் வருவது நிஜக் கண்ணீர். 1953 ஜனவரி 19 அன்று கதையில் குழந்தை பிறந்தது, அதே நாளில் அவருக்கும் நிஜமாகவே பிறந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றதைப் பார்த்தவர்கள் இதைவிடக் குறைவு.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரில் கேட்கும் சிரிப்பு எதிரில் உட்கார்ந்திருந்த ஜனங்களின் சிரிப்பு. அந்தக் கூட்டத்தில் லூசில் பாலின் அம்மா டீடீயும் வந்து உட்காருவார். மகள் எதிலாவது மாட்டிக்கொள்ளப் போகிற இடத்தில், ‘அய்யய்யோ’ என்று பதறுகிற ஒரு குரல் சில பகுதிகளில் கேட்கும். அது அந்த அம்மாவின் குரல். கேசட்டில் எத்தனையோ தடவை கேட்டும் எனக்கு அது காதில் ஏறவில்லை. டிவிடியில் பார்த்தபோதுதான் ஏறியது. அப்போது எங்கள் வளவில் தூண் மட்டும் இருந்தது, அப்பத்தா இல்லை. அப்பத்தாவும் சரியாக அந்த மாதிரி இடத்தில்தான், பெல்ட் வேகம் பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால், ‘ஆத்தாடி’ என்பார்கள்.

சகோதரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளத்தூர் வாருங்கள். கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வைக்கிறேன். அந்தப் பகுதியை முதலிலிருந்து போடுவோம். பார்த்துவிட்டு, குறைந்தது என்று தோன்றினால் என்னிடமே சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.