கோடை மழை பெய்த ராத்திரியில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஜீப் ஓட்டுகிற அண்ணன்மார், பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கிறீர்கள், அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை வைகாசியில் கொடைக்கானலில் இடியோடு ஒரு மழை வெளுத்து வாங்கும் இல்லையா, அன்றைக்கு இருட்டினதும் பெருமாள்மலைப் பக்கம் பாருங்கள், தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும், கீழே தேரைகள் வரிசையாக வந்து உட்காரும். அதுவரை கல்லுக்கு அடியிலும் வேர் இடுக்கிலும் பதுங்கிக் கிடந்தவை. தேரை நம்மைப் போல வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோல்தான் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வந்தால் உடம்பு வற்றிவிடும் என்பதால்தான் மழைக்காக அப்படிக் காத்துக் கிடக்கிறது. அதே தோல் பூச்சிமருந்தையும் உறிஞ்சும். மருந்தடித்த பிறகு ஸ்பிரேயரை ஓடையிலும் குட்டையிலும் கழுவாதீர்கள் என்று விவசாயிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தோட்டத்துப் பூச்சியைக் காசு வாங்காமல் தின்கிற ஜீவன் அது.

தேங்காயில் பருப்பு இல்லையென்றால் தேரை மோந்தது என்கிறோம், பிள்ளை இளைத்தால் தேரை விழுந்தது என்கிறோம். ரெண்டிலும் அதன் மேல் ஒரு தப்பும் கிடையாது. தொட்டால் மரு வரும் என்பதும் பொய், மரு வருவது வைரஸால். ஆனால் விஷம் இருப்பது நிஜம். கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கிறதே, அங்கிருந்து பால் மாதிரி கசியும். நாய் கவ்விவிட்டால் நுரை தள்ளும், உடனே வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவி கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

எனக்கு மனசு ஆறாதது ரோடுதான். தேரைகள் வெளியே வருகிற அதே மே மாதம்தான் நமக்கு சீசன். 2024 மே 7 முதல், வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிந்து வாங்க வேண்டிய இ-பாஸ் வந்தும் வத்தலக்குண்டு ரோட்டில் ராத்திரியில் வண்டி ஓய்வதில்லை. தவளை மாதிரி எகிறித் தப்பிக்க தேரைக்கு நீளக் கால் இல்லை, வெளிச்சம் பட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். அதிலும் தண்ணீரைத் தேடிப் போகிற பெண் தேரை வயிறு நிறைய முட்டையோடு போகிறது. நாம் சாதாரணமாகப் பார்க்கிற தேரையே நூல் சரம் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும், டயர் ஏறினால் அத்தனையும் அங்கேயே போச்சு. நம் மலையில் காதுச் சவ்வு ரொம்பச் சின்னதாக உள்ள இன்னொரு தேரையும் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அதற்கு வேறு இடமே கிடையாது.

அதனால் மழை விட்ட ராத்திரியில் ஓடையும் குட்டையும் பக்கத்தில் இருக்கிற வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வண்டி இல்லை, ஓரமாக நிறுத்த இடமும் இருக்கிறது என்றால் மட்டும் இறங்கி, ஈரக் கையால் மெதுவாகத் தூக்கி, அது எந்தப் பக்கம் பார்த்துப் போனதோ அந்தப் பக்கமே விடுங்கள், அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வந்த பக்கமே கொண்டுபோய் விட்டால் மறுபடியும் ரோட்டில்தான் இறங்கும்.