மெனு அட்டையில் இல்லாத விலை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிடக்கூடப் போகாமல் எங்களைக் கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் எழுதத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பெருநகரத்தில் ஒரு ராத்திரி வெளியே போய்ச் சாப்பிட்டு, பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்பினால், நம் பர்ஸைக் காலி செய்வது எழுதிய விலையா, எழுதாத விலையா? இதுதான் நடுவர் கொடுத்த தலைப்பு. எழுதாத விலைதான் என்பது எங்கள் கட்சி.

எதிரணியில் முதலில் பேசிய சகோதரி நன்றாகத் தயாராகி வந்திருந்தார். டோக்கியோ, லண்டன், நியூயார்க், நம் சிங்கப்பூர் என்று நான்கு நகரங்களின் மெனு அட்டைகளை வரிசையாகப் படித்துக் காட்டினார். டோக்கியோவில் ஒரு கிண்ணம் மாட்டிறைச்சிச் சோறு 500 யென்னை ஒட்டி, நம் சிங்கப்பூர் டாலரில் நாலு வெள்ளி சொச்சம். இங்கே கோழிச்சோறும் நாலைந்து வெள்ளி. லண்டனில் ஒரு பைன்ட் பியர் ஆறேழு பவுண்டு. உட்காரும் முன்பே விலை தெரிந்துவிடுகிறது, பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், ஆகவே எழுதிய விலைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்று முடித்தார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நல்ல குரல்வளம். ஆனால் சகோதரி, நீங்கள் படித்தது மெனு. பில் வரும்வரை நீங்கள் உட்காரவே இல்லையே!

சரி, பில்லை நான் படிக்கிறேன். நம் ஊர்தான், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கடலுணவுக் கடை. நாங்கள் நாலு பேர். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், அந்த வரிசையில் பல கடைகளில் இதே கதைதான். உட்கார்ந்த உடனே ஒரு சின்னத் தட்டில் வேர்க்கடலை வந்தது. நாங்கள் கேட்கவில்லை. உறை போட்ட ஈரத் துண்டு நாலு வந்தது. அதையும் கேட்கவில்லை. சீனத் தேநீர் ஊற்றவா என்றார்கள், தலையை ஆட்டினோம். மெனுவைப் பார்த்துக் கணக்குப் போட்டு 190 வெள்ளிக்குச் சொல்லியிருந்தோம். பில்லில் கடலை 4 வெள்ளி. துண்டு தலைக்கு 50 காசு, தேநீர் தலைக்கு 1 வெள்ளி. ஆக 200. அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 220 ஆயிற்று. அப்புறம் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. அதுவும் 200க்கு இல்லை, சேவைக் கட்டணத்தையும் சேர்த்து 220க்கு. மொத்தம் 239 வெள்ளி 80 காசு. நாங்கள் சொன்னதற்கும் கொடுத்ததற்கும் இடையே 50 வெள்ளிக்கு 20 காசுதான் குறைச்சல். (துண்டின் உறையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தால் பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள். பழகியவர்களுக்கு இது தெரியும். பழகும்வரை காசு.)

அன்றைக்கு நாங்கள் நண்டு சொல்லவில்லை நடுவர் அவர்களே. ஏன் தெரியுமா? சூப்புக்கு விலை இருந்தது, கீரைக்கு விலை இருந்தது, நண்டுக் குழம்பில் தோய்த்துத் தின்கிற ரொட்டிக்குக்கூட விலை இருந்தது. நண்டுக்கு நேரே மட்டும் 'சந்தை விலை' என்று போட்டிருந்தது. அந்த அட்டையிலேயே அதிக விலையுள்ள பண்டம் அதுதான். அதற்குத்தான் விலை எழுதவில்லை!

எதிரணி நண்பர் இடையில் எழுந்து, "பிளஸ் பிளஸ் என்று அட்டையின் அடியில் போட்டிருக்கிறதே, அது எழுதியது இல்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பிளஸ் பிளஸ் என்றால் சேவைக் கட்டணமும் வரியும் எழுதிய விலைக்கு மேலே வரும் என்று அர்த்தம். இந்த ஊரில் குடை வாங்கினாலும் சட்டை வாங்கினாலும் ஒட்டியிருக்கும் விலைக்குள் வரி இருந்தாக வேண்டும், அது விதி. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு. வரியும் கட்டணமும் மேலே வரும் என்று ஓர் அறிவிப்பு வைத்தால் போதும். அதாவது விலையை முழுதாக எழுத வேண்டாம் என்று சட்டமே அனுமதி கொடுத்த இடத்தில் நின்றுகொண்டு, எழுதிய விலைதான் பெரிது என்கிறார் நண்பர்.

இப்போது நான்கு நகரங்களுக்கு வருவோம். நான்கிலும் மெனுவைக் கூட்டினால் 100 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தந்த ஊர்க் காசில். டோக்கியோவில் 2021 ஏப்ரலிலிருந்து வரி சேர்த்த விலையைக் காட்டியே ஆக வேண்டும், டிப்ஸ் வழக்கமும் கிடையாது. சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் 100 என்றால் 100தான். லண்டனில் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, பில்லில் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ப்பது வழக்கம். 112.50. சிங்கப்பூரில் 119.90. நியூயார்க்கில் விற்பனை வரி 8.875 விழுக்காடு, டிப்ஸ் 20 விழுக்காடு, ஆக ஏறத்தாழ 129. மெனுவில் ஒரே நூறு, கையில் நாலு விதம். வரி உள்ளே இருக்கிற அட்டையையும் வெளியே இருக்கிற அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பார், எது மலிவு?" என்று கேட்பது, ஒருவரைச் செருப்போடும் இன்னொருவரை வெறுங்காலோடும் நிறுத்தி உயரம் அளக்கிற கதை.

நியூயார்க்கில் அந்த 20 விழுக்காடு இஷ்டப்பட்டால் கொடுப்பதுதானே என்பார்கள். கொடுக்காமல் எழுந்து வந்து பாருங்கள்! அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது அசையவே இல்லை. நியூயார்க் மாநிலம் இதைவிடக் கூட்டித்தான் வைத்திருக்கிறது, ஆனால் வழக்கம் வழக்கம்தான். பரிமாறுபவரின் சம்பளத்தில் ஒரு பங்கை மெனுவில் எழுதாமல் உங்கள் மனசாட்சியில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

லண்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12.5 விழுக்காட்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை பேர் கேட்கிறார்கள்? அது வெட்கத்துக்குக் கட்டுகிற காசு. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. மது உரிமம் உள்ள கடையில் கேட்டால் குழாய்த் தண்ணீரும் இலவசம்.

எதிரணி நண்பர் டோக்கியோவைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். "மலிவான ஊர், மெனுவே சாட்சி" என்றார். 2024இல் ஒரு அமெரிக்க டாலருக்கு 160 யென்னைத் தாண்டிப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். டோக்கியோ கடைக்காரர் அதற்காகத் தன் விலையைக் குறைத்தாரா? இல்லை. யென்தான் விழுந்தது, அதனால் வெள்ளியில் சம்பளம் வாங்குகிற நமக்கு மலிந்தது. யென்னில் சம்பளம் வாங்குகிற உள்ளூர்க்காரருக்கு அந்தக் கிண்ணம் மலியவே இல்லை. நாணய மாற்று விகிதத்தை எந்த மெனுவில் எழுதியிருக்கிறார்கள்?

அந்த ஊரின் ராத்திரிக்கும் போய்ப் பார்ப்போம். இஸகாயா என்று சொல்கிற குடியும் கொறிப்புமான கடைக்குள் நுழையுங்கள். பியர் சொன்னால் கூடவே ஒரு சின்னக் கிண்ணம் வரும், ஊறுகாயோ கிழங்கோ ஏதோ ஒன்று. ஓதோஷி என்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தலைக்கு 300, 500 யென் பில்லில் ஏறும். உட்கார்ந்ததற்கான காசு அது. ஷின்ஜுகுவின் கோல்டன் காய் சந்துகளில் ஏழெட்டுப் பேர் நெருக்கி உட்காரும் பொந்து மாதிரி பார்கள் இருநூறுக்கு மேல் உண்டு. பலவற்றில் நுழைவுக்கே தனிக் காசு.

அப்புறம் கடைசி ரயில். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் நின்றுவிடும், மறுபடி ஓட ஏறத்தாழ 5 மணி ஆகும். டாக்சியில் இரவு 10 மணியிலிருந்தே 20 விழுக்காடு கூடுதல். புறநகரில் வீடு என்றால் மீட்டரைப் பார்க்கவே தைரியம் வராது. அதனால் ரயிலை விட்டவர்கள் கரோக்கே அறையிலோ காமிக்ஸ் படிக்கிற கடையிலோ விடியும்வரை காசு கொடுத்து உட்கார்கிறார்கள். 500 யென் சோற்றை மட்டும் கணக்கில் எடுத்த நண்பர் இந்த நாலைந்து மணி நேரத்தை எந்தப் பையில் போட்டார்?

நம் ஊரிலும் இதேதான். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, கூட வந்தவர்களை டாக்சியில் ஏற்றிவிடும் வேலை என்னுடையது, அதனால் இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. எம்ஆர்டி ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். 12 மணியிலிருந்து காலை 6 வரை டாக்சி மீட்டர்மேல் 50 விழுக்காடு. மீட்டரில் 24 வெள்ளி என்றால் கையிலிருந்து 36. செயலியில் பிடித்தாலும் அந்த நேரத்தில் விலை ஏறித்தான் இருக்கும். வார இறுதியில் நள்ளிரவுக்கு மேல் நகரத்திலிருந்து குடியிருப்புப் பேட்டைகளுக்கு ஓடிக்கொண்டிருந்த இரவுப் பேருந்துகளையும் கொவிட் காலத்தில் நிறுத்தி, பிறகு ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். நியூயார்க்கில் பாதாள ரயில் 24 மணி நேரமும் ஓடுகிறது, ராத்திரிக்கென்று தனிக் கட்டணம் இல்லை. லண்டனில் 2016இலிருந்து வெள்ளி, சனி இரவுகளில் சில தடங்களில் விடிய விடிய ரயில் உண்டு. டிப்ஸில் நம்மை உரிக்கிற நியூயார்க் வீட்டுக்கு மலிவாக அனுப்பிவைக்கிறது. டிப்ஸே வாங்காத டோக்கியோ தெருவில் நிறுத்திவிடுகிறது. ஒரு ராத்திரி முடிவது சாப்பாட்டு மேசையில் இல்லை, வீட்டு வாசலில்.

மதுவின் மேல் விழும் வரியைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை, நான் சொல்கிறேன். இங்கே ஒயினுக்கும் விஸ்கிக்கும் அதிலுள்ள சுத்தமான ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை, 2014இலிருந்து. 750 மில்லி ஒயின், 13 விழுக்காடு என்றால் 8 வெள்ளி 58 காசு. 700 மில்லி விஸ்கி, 40 விழுக்காடு என்றால் 24 வெள்ளி 64 காசு. கடைக்காரர் தன் லாபத்தை வைக்கும் முன்பே இவ்வளவு. "அது விலைக்குள்தானே இருக்கிறது" என்பீர்கள். இருக்கிறது. எழுதியிருக்கிறதா? அதோடு 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30க்கு மேல் கடையில் வாங்கி எடுத்துப்போக முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் முடியாது. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு பட்டிமன்றம். ஆனால் மலிவான வழி 10.30க்கு அடைபடுகிறது. அதற்குப் பிறகும் வெளியே இருந்து குடிக்க வேண்டுமென்றால் பிளஸ் பிளஸ் போட்ட மேசைக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக, எதிரணியின் பெரிய ஆயுதம். "உணவங்காடி நிலையத்துக்கு வாருங்கள், எழுதியதுதான் விலை, ஒரு காசு கூடாது" என்றார் நண்பர். உண்மைதான், தேக்கா அங்காடியில் பிரியாணிக்குப் போட்டிருப்பதைத்தான் வாங்குகிறார்கள். 2016இல் சைனாடவுன் அங்காடியில் ஒரு கடையின் இரண்டு வெள்ளிக் கோழிச்சோற்றுக்கு, பெரிய பெரிய உணவகங்கள் ஏங்குகிற மிச்செலின் நட்சத்திரமே கிடைத்தது. அந்த இரண்டு வெள்ளிக்காக வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள், எழுதாத விலை என்னவென்று சொல்வார்கள்.

அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள். எழுபதுகளில் தெருவோர வியாபாரிகளை அரசாங்கமே நிலையங்கள் கட்டி உள்ளே கொண்டுவந்தது, பழைய கடைக்காரர்களுக்கு வாடகையையும் தாழ்த்தி வைத்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்தக் கலாசாரத்தின் பின்னால் அரசாங்கப் பணமும் இருக்கிறது. விலைப்பலகையில் அது இல்லை. பரிமாற ஆள் இல்லாததால் சேவைக் கட்டணமும் இல்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துவைப்பது நீங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். ஒருமுறை எச்சரிக்கை வாங்கியவர் மறுபடியும் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தால் 300 வெள்ளி அபராதம். நாலு வெள்ளிச் சோறு 304 வெள்ளி!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அடுத்து எதிரணித் தலைவர் வருகிறார். எழுதிய விலையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும், நாங்கள் கேட்கிறோம். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்: ஐயா, நண்டு கிலோ என்ன விலை?

நன்றி, வணக்கம்.