ஊர்ப் பலகையில் கவர்னரும் அவர் மனைவியும்: தென்னாப்பிரிக்காவின் டச்சுப் பெயர் ஊர்கள், ஒரு கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் போட்ட தென்னாப்பிரிக்கப் பயண வீடியோவுக்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதையே வேறு வேறு விதமாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, நீங்கள் போன ஊர்ப் பெயர் எதுவுமே வாயில் நுழையவில்லை. ஸ்வெல்லண்டாம், ஓட்ஸ்ஹோர்ன், ஹ்ராஃப்-ரைநெட் என்று வரிசையாக டச்சுப் பெயராக இருக்கிறதே, அதற்கெல்லாம் பொருள் உண்டா? காரில் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?"

பொருள் உண்டு தம்பி. ஆனால் எல்லாப் பெயரும் ஒரே சாதி இல்லை.

ஸ்வெல்லண்டாமை எடுத்துக்கொள்ளுங்கள். கேப் டவுனிலிருந்து கிழக்கே என்2 சாலையில் 220 கிலோமீட்டர் போல வரும். 1740களில் கேப்பில், அதாவது கேப் டவுனைச் சுற்றிய அன்றைய டச்சுக் குடியேற்றத்தில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் ஹென்ட்ரிக் ஸ்வெல்லன்கிரெபல். அவர் மனைவி ஹெலனா டென் டாம். புருஷன் பெயரில் பாதி, மனைவி குடும்பப் பெயரில் பாதி, ஸ்வெல்லன் + டாம், அவ்வளவுதான் பொருள். ஹ்ராஃப்-ரைநெட்டும் அப்படியே: 1786இல் கவர்னராக இருந்த வான் டெ ஹ்ராஃப், அவர் மனைவி ரைநெட். (எழுத்தில் 'ஜி' இருந்தாலும் தொண்டையிலிருந்து 'ஹ' வருகிற மாதிரிதான் அங்கே சொல்வார்கள், நான் வீடியோவில் முதல் பாதி முழுக்கத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன், மன்னியுங்கள்.) ஓட்ஸ்ஹோர்ன் இன்னும் ஒரு படி மேலே. அந்தப் பெயருக்குரிய பிரபு கவர்னர் பதவியை ஏற்கக் கப்பலில் வரும் வழியிலேயே 1773இல் கடலில் இறந்துபோனார். கவர்னராக ஒரு நாளும் உட்காராதவர் பெயர் ஊர்ப் பலகையில் நிற்கிறது.

இந்தப் பெயர்கள் எதுவும் மண்ணைப் பற்றிச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதற்குக் காரணம் இருக்கிறது. 1652இல் டச்சுக் கம்பெனி கேப்பில் இறங்கியது ஊர் கட்ட இல்லை, இந்தியாவுக்கும் ஜாவாவுக்கும் போய்வரும் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, இறைச்சி கொடுக்கத்தான். ஆனால் மாடு ஆடு வைத்திருந்த குடியானவர்கள் மேய்ச்சல் தேடி உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள், வரி கட்டவும் வழக்குக்கும் பல நாள் மாட்டு வண்டியில் கேப்புக்கு வர வேண்டிய தூரத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பிடித்து வைக்கக் கம்பெனி அங்கங்கே ஒரு அதிகாரியை உட்கார வைத்தது. அவருடைய அலுவலகமும் வீடும் சேர்ந்த கட்டடத்துக்கு 'ட்ரொஸ்டி' என்று பெயர். ஸ்வெல்லண்டாம் ட்ரொஸ்டி 1747இல் கட்டியது, இன்றும் கூரை வேய்ந்து, வெள்ளையடித்து, அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆக, முதலில் கச்சேரி, அதாவது அதிகாரியின் அலுவலகம் வந்தது, அப்புறம்தான் ஊர் வந்தது. கச்சேரிக்கு மேலிடத்தின் பெயரைத்தானே வைப்பார்கள்.

பிடித்து வைக்க முடிந்ததா என்றால், இல்லை. 1795இல் ஸ்வெல்லண்டாம், ஹ்ராஃப்-ரைநெட் ஆகிய இரண்டு ஊர்க்காரர்களும் கம்பெனி அதிகாரிகளைத் துரத்திவிட்டார்கள். ஸ்வெல்லண்டாம் தன்னைக் குடியரசு என்றே அறிவித்துக்கொண்டது. சில மாதங்கள்தான், அதற்குள் ஆங்கிலேயர் வந்து கேப்பையே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது இரண்டாவது வகைப் பெயர். எனக்குப் பிடித்தது இதுதான். கவர்னர் வைத்தது இல்லை, வண்டி ஓட்டியவனும் மாடு மேய்த்தவனும் வைத்தது. 'ஃபொன்டெய்ன்' என்று முடிந்தால் அங்கே ஊற்று இருந்தது. 'ட்ரிஃப்' என்றால் ஆற்றை வண்டியோடு கடக்கிற துறை. 'போர்ட்' என்றால் ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகும் இடுக்கு, அந்த இடுக்கில் வண்டியும் போகலாம். வரைபடத்தை விரித்து இந்த மூன்று சொல்லையும் தேடினாலே போதும், வறண்ட நிலத்தில் தண்ணீர் எங்கே, வழி எங்கே என்று தெரிந்துவிடும். வடக்கே ஒரு ஊருக்கு 'புட்ஸொண்டர்வாட்டர்' என்று பெயர், தண்ணீர் இல்லாத கிணறு. அப்படி ஒரு பெயரை வைத்தவன் எவ்வளவு தூரம் நடந்து வந்து அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

மெய்ரிங்ஸ்போர்ட் என்ற இடுக்கில் என்12 சாலை சுமார் 25 கிலோமீட்டருக்குள் ஒரே ஆற்றை 25 தடவை கடக்கிறது. ஒவ்வொரு கடப்புக்கும் சின்னப் பலகையில் பெயர் உண்டு. ஸ்பூக்ட்ரிஃப் என்றால் பேய்த்துறை, விட்பெர்டெட்ரிஃப் என்றால் வெள்ளைக்குதிரைத் துறை. என் மனைவி பலகையை வாசித்துக்கொண்டே வந்தாள், நான் வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை.

ஆனால் டச்சுப் பெயரோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே கோய்கோய் மக்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வெல்லண்டாமிலிருந்து பேரிடேலுக்கு ஏறுகிற மலைப்பாதைக்கு ட்ராடோ என்று பெயர், பெண்கள் வழி என்று பொருள். காம்கா என்ற ஆற்றின் பெயருக்குச் சிங்கம் என்று பொருள். உள்நாட்டு வறண்ட நிலப்பரப்புக்குக் கரூ என்று பெயர், வறட்சி என்று பொருள். அந்த மக்களின் நிலம் போனது, மேய்ச்சல் போனது, 1713இல் வந்த பெரியம்மையில் ஏராளமானவர்கள் இறந்தார்கள். ஆற்றுக்கும் மலைப்பாதைக்கும் வைத்த பெயர்கள் மட்டும் போகவில்லை. டச்சுக்காரன் நாக்கில் கொஞ்சம் சிதைந்து நிற்கின்றன.

சரி, இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். தம்பி திருவாரூர் பக்கம் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்குப் பக்கத்து நாகப்பட்டினம் 1690 முதல் 1781 வரை இதே டச்சுக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம். அதற்கு முன்னால் பழவேற்காடு. இந்தக் கரையிலிருந்தும், வங்காளம், மலபார், இலங்கை, இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக்கிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய சொந்தப் பெயரை எடுத்துவிட்டு, வேறொரு பெயரும் பின்னால் 'வான் கோரமண்டல்' (சோழமண்டலத்திலிருந்து), 'வான் பெங்காலன்' (வங்காளத்திலிருந்து) என்றும் எழுதிவைத்தார்கள். அங்கே இன்றும் செப்டம்பர், ஃபெப்ருவரி என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அடிமைகளுக்கு மாதப் பெயர் வைத்த வழக்கத்தில் வந்தது. நாம் போட்டோ எடுக்கிற அந்த வெள்ளைச் சுவர்களை, வளைந்த முகப்புகளை யார் கை கட்டியது என்று யோசிக்காமல் அந்தத் தெருவில் என்னால் நடக்க முடியவில்லை.

வழியில் ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் பழைய மாட்டு வண்டி ஒன்று நிறுத்தியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். நாலு மரச்சட்டம், அதில் தோல் வாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழுத்துக் கட்டியிருக்கிறது, நடுவில் ஆள் படுத்துப் படுத்துத் தொய்ந்த பள்ளம், ஓரத்தில் ஒரு வார் அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் கிடந்த கயிற்றுக் கட்டில் அப்படியே. அங்கே இருந்த வயதான அம்மாவிடம் இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டேன். "காட்டல்" என்றார். நம் கட்டில்தான்! போர்ச்சுக்கீசியர், மலாய்க்காரர் வாய் வழியாகக் கடல் கடந்து, டச்சிலிருந்து வந்த ஆஃப்ரிகான்ஸ் மொழிக்குள் போய்ச் சேர்ந்த சொல். அந்த அம்மாவிடம் எங்கள் ஊர்ச் சொல் இது என்று சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வழி கேட்ட மற்றவர்களுக்கு: கேப் டவுன், ஸ்வெல்லண்டாம், ட்ராடோ ஏறி பேரிடேல், அங்கிருந்து ஆர்62 பிடித்து ஓட்ஸ்ஹோர்ன். அங்கிருந்து ஸ்வார்ட்பெர்க் மலைப்பாதையில் ஏறி பிரின்ஸ் ஆல்பர்ட் இறங்கி, மெய்ரிங்ஸ்போர்ட் வழியாகத் திரும்பி, பிறகு வில்லோமோர் வழி ஹ்ராஃப்-ரைநெட். ஐந்து இரவாவது வையுங்கள். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் பயம் வேண்டாம், ஆனால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள். பெட்ரோல் அவர்களே போடுவார்கள், கண்ணாடியும் துடைப்பார்கள், கொஞ்சம் ரேண்ட் (அந்த நாட்டுப் பணம்) கையில் கொடுங்கள். பாதித் தொட்டி ஆனதும் நிரப்பிவிடுங்கள், அடுத்த ஊர் வெகுதூரம். இருட்டின பிறகு கரூவில் ஓட்டவே ஓட்டாதீர்கள், குடு மான் திடீரென்று குறுக்கே பாயும், அது குதிரை அளவு இருக்கும்.

ஸ்வார்ட்பெர்க் பாதை மண் சாலை. கைதிகளை வைத்துக் கட்டி 1888இல் திறந்தது, உச்சி 1,583 மீட்டர். எங்களுக்கு அங்கே டயர் கிழிந்தது, வாடகைக் கார் காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் சேராது என்று திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பிரின்ஸ் ஆல்பர்ட் பெயர் ஆங்கிலப் பெயர், ஆனாலும் விடாதீர்கள். மலையிலிருந்து வரும் வாய்க்கால் தெருவோரமாக ஓடுகிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து மடை திறந்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். முறை வந்த நேரத்தில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்து பலகையைத் தூக்கினார், தண்ணீர் திரும்பி உள்ளே போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹ்ராஃப்-ரைநெட்டில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, ராபர்ட் சோபுக்வேயின் கல்லறை. 1924இல் அந்த ஊரில் பிறந்தவர், 1960இல் கறுப்பினத்தவர் பாஸ் (நடமாட்ட அனுமதிச் சீட்டு) வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராகப் போராட்டம் நடத்தியவர். தண்டனைக்காலம் முடிந்த பிறகும் அவரை வெளியே விடாமல் வைக்கவே தனியாகச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்து, ராபன் தீவில் ஆறு வருடம் தனியே வைத்திருந்தார்கள். கவர்னர் பெயர் போதும், ஊருக்கு சோபுக்வே பெயரை வையுங்கள் என்று ஒரு தரப்பும், பழைய பெயரே இருக்கட்டும் என்று இன்னொரு தரப்பும் அங்கே கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தன, 2026இல் அரசு சோபுக்வே பெயருக்கு ஒப்புதல் கொடுத்தது. என்னைக் கேட்டால் சோபுக்வே பெயர்தான் அந்த ஊருக்குப் பொருந்தும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்கே வாழ்கிறவர்கள்.

இன்னொன்று, ஊருக்கு வெளியே பாழ்நிலப் பள்ளத்தாக்கு (Valley of Desolation) என்று சொல்லும் இடத்தின் மலை உச்சி. மாலையில் போங்கள், கேட் மூடும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். கீழே சன்டேஸ் ஆறு குதிரை லாடம் மாதிரி வளைகிறது, அந்த வளைவுக்குள்ளே மட்டும் மரங்கள், வீடுகள், மாதாகோயில் கோபுரம். வளைவுக்கு வெளியே கண்ணுக்கு எட்டுகிறவரை வெறும் பழுப்பு.