துடைத்து வைத்த பாரிஸ்

வணக்கம். 'அமெலி' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தவர்களிடம் படம் எப்படி என்று கேளுங்கள், பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு பாரிஸைப் பற்றித்தான் பேசுவார்கள். விமர்சகர்கள் அடித்துக்கொண்டதும் அந்த ஊரை வைத்துத்தான்.

கதை சின்னது. பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் ஒரு காபிக் கடையில் பரிமாறும் அமெலி என்ற கூச்சக்காரப் பெண், ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஒளிந்திருந்து நல்லது செய்கிறாள், தன் காதல் என்று வந்ததும் ஓடிவிடுகிறாள். ழான்-பியர் ழெனே இயக்கி 2001 ஏப்ரலில் வெளியான இந்தப் படத்தைக் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு எடுக்கவில்லை, மக்களோ அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் பிரான்சில் மட்டும் 80 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் வாங்கித் தள்ளினார்கள். அப்புறம் பிரான்சின் சினிமா விருதான சேசார் 4. ஆஸ்காரில் 5 பரிந்துரை, கையில் ஒன்றும் இல்லை.

ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது செர்ஜ் ககான்ஸ்கி என்ற விமர்சகர் லிபெராசியோன் நாளிதழில் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். இது கழுவித் துடைத்த பொம்மை ஊர், பாரிஸில் நிஜமாகவே வாழ்கிற ஆப்பிரிக்க, அரபு முகங்கள் எங்கே போயின என்று கேட்டவர், அதோடு விடாமல் தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென்னின் பிரசாரத்துக்கே இந்தப் படம் உதவும் என்கிற அளவுக்குப் போய்விட்டார். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் துடைத்தது பொய்யில்லை, சுவர்க் கிறுக்கல்களை அழித்ததை இயக்குநர் தரப்பும் மறைக்கவில்லை.

ஒரு கூச்சக்காரியின் தலைக்குள் இருக்கும் ஊர் அப்படித்தானே இருக்கும் என்று நான் ரொம்ப நாள் வாதாடியிருக்கிறேன். தானிய மூட்டைக்குள் கையை நுழைத்து அந்தக் குளிர்ச்சியை ரசிக்கிறவளுக்குக் குப்பைத்தொட்டியா கண்ணில் படும்? ஆனால் அந்த மூட்டை இருக்கிற காய்கறிக் கடையில்தான் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அங்கே வேலை செய்யும் லூசியனாக நடித்தவர் ஜமெல் தெபூஸ், பெற்றோர் மொராக்கோக்காரர்கள். இதோ அரபு முகம் என்று படத்தின் ஆதரவாளர்கள் அவரைக் காட்டினார்கள். சரி, முகம் இருக்கிறது, பெயர்? லூசியன் என்பது அசல் பிரெஞ்சுப் பெயர்.

கடை முதலாளி லூசியனை எல்லோர் முன்னாலும் கேலி செய்வார். அவனோ ஒரு கீரைக் குருத்தை, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் போலத்தான் எடுப்பான். அவனுக்காக அமெலி அந்த முதலாளியின் வீட்டுக்குள் புகுந்து பற்பசை இருந்த இடத்தில் காலுக்குப் பூசும் களிம்பை வைத்துவிட்டு வருவாள். ஒவ்வொரு முறையும் அங்கே வாய்விட்டுச் சிரிக்கிறேன், அவன் பெயர் ஏன் லூசியன் என்ற கேள்வியும் கூடவே உட்கார்ந்திருக்கிறது.