மீனுக்குச் சோதனை உண்டு, ஆளுக்கு?

வணக்கம் நண்பர்களே. மீன் பதனிடும் ஆலைகளைப் பற்றிப் பேசுமாறு உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கேள்விகள் அந்த ஆலைகளிலிருந்து வரும் நாற்றத்தைப் பற்றியவை. நான் இன்று பேச விரும்புவது நாற்றம் தெரியாமல் போகும் இடத்தைப் பற்றி.

2022 ஏப்ரல் 17 அன்று மங்களூரு சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இயங்கிய ஒரு மீன் பதனிடும் ஆலையில், கழிவு சேரும் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிவிடலாம் என்று இறங்கியவர்களும் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்திருந்த ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

அந்த மாதிரித் தொட்டியில் நடப்பது இதுதான். குடல், இரத்தம், செதில், கழுவிய நீர் எல்லாம் மூடிய இடத்தில் தேங்கும்போது, காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் மீன் புரதத்தில் உள்ள கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். மேற்பரப்பு அமைதியாக இருக்கும். யாராவது இறங்கிக் கலக்கினால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்ததுபோல, சேற்றுக்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியேறும். தொடக்கத்தில் அழுகிய முட்டை வாடை வீசும் இந்த வாயு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. "வாடை போய்விட்டது, இறங்கலாம்" என்று ஒருவர் நினைக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம்.

என் கையில் இருக்கும் இந்தக் கருவியைப் பாருங்கள். சட்டைப் பையில் அடங்கும் இந்த மஞ்சள் பெட்டி, ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அளக்கும். இதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினால், அபாய அளவு வந்தவுடன் அலறும். இரவல் வாங்கி வந்தது; பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தொட்டியில் தேங்கும் அதே கழிவைச் சுத்திகரிக்காமல் ஓடையிலோ கழிமுகத்திலோ விட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. மீன் செத்து மிதக்கிறது, சேறு கறுக்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற பொது வரம்பு இதற்காகத்தான். ஊர் வாய்க்காலுக்கு வரும் கேடும் தொட்டிக்குள் இறங்கும் ஆளுக்கு வரும் கேடும் ஒரே கழிவிலிருந்துதான் பிறக்கின்றன.

குளிர்சாதனப் பக்கம் அம்மோனியா இருக்கிறது. ஓசோன் படலத்தைச் சிதைக்காது, புவி வெப்பத்தையும் கூட்டாது என்பதால் சுற்றுச்சூழலுக்கு அது நல்ல குளிரூட்டி; கசிந்தால் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிவிடும். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதனிடும் ஆலையில் அது கசிந்து, இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியா குறைந்த அளவிலேயே நெடியால் எச்சரித்துவிடும். ஆனால் வெளியேறும் வழி பூட்டப்பட்டிருந்தால் அந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

இப்போது அதே ஆலைகளின் வாசலைப் பாருங்கள். குளோரின் நீரில் காலை நனைத்த பிறகே உள்ளே செல்ல முடியும்; நகம், தலைமுடி, வளையல் எல்லாம் பார்க்கப்படும்; குளிர் அறை மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறதா என்பது பதிவேட்டில் ஏறும். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைபாட்டைக் காட்டி இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்த பிறகு இந்தக் கட்டுப்பாடுகள் இறுகின, அது நல்லதே. 2023-24 நிதியாண்டில் 60,523 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஒரு தொழில், வாங்குபவர் கேட்டால் எதையும் செய்து காட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வாங்குபவர் இறாலின் வெப்பநிலையைக் கேட்கும் அளவுக்குத் தொட்டியின் வாயு அளவைக் கேட்பதில்லை என்பதே என் குறை.

சட்டத்தில் ஓட்டை என்று சொல்லவும் வழியில்லை. மங்களூரு விபத்தின்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு, வாயு தேங்கக்கூடிய தொட்டிக்குள் ஆளை இறக்குவதற்கு முன் தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையேல் இறங்குபவர் மூச்சுக்கருவியும் கயிறு கட்டிய இடுப்புப் பட்டையும் அணிந்திருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. இத்தகைய ஆலையில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் தொட்டியருகே அந்தக் கயிறு இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். ஆலையின் பெயர் வேண்டாம்.