பாதுகாப்பு வேண்டுமா? அப்படியென்றால் புகையைக் குறையுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

உலகுக்கு முதலில் வேண்டியது எரிசக்திப் பாதுகாப்பா, கரிமக் குறைப்பா, அதாவது மின்சாரமும் எரிபொருளும் தடையின்றிக் கிடைப்பதா, புவியைச் சூடாக்கும் கரிமப் புகையைக் குறைப்பதா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "முதலில் விளக்கு எரியட்டும், புகையை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிக் கைத்தட்டலும் வாங்கிவிட்டார். சரி, அந்த விளக்கு எதனால் எரிகிறது என்று சொன்னாரா?

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. நம் மண்ணில் அது துளியும் கிடையாது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாயில் வருவது போக, மீதி திரவமாகக் கப்பலேறி ஜூரோங் தீவில் வந்து இறங்குகிறது. 2021 கடைசியில் என்ன நடந்தது? உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியது, அதே சமயம் இந்தோனேசியாவின் மேற்கு நாத்துனா கடற்பகுதியிலிருந்து வரும் குழாய்வாயுவும் குறைந்தது, மலிவு விலைக்கு ஒப்பந்தம் போட்ட மின் விற்பனை நிறுவனங்கள் சில ஒன்றன்பின் ஒன்றாகக் கடையை மூடின. கரிமத்தைக் குறைக்கப் போனதாலா அது நடந்தது? எரிவாயுவை நம்பி இருந்ததால் நடந்தது!

ஜெர்மனி 2022ல் நிலக்கரி ஆலைகளைத் திரும்பவும் ஓட்டியதே என்கிறார் எதிரணி நண்பர். ஓட்டியது, மறுக்கவில்லை. ஆனால் ஏன்? தான் இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யா ஒன்றிடமே வாங்கிவந்தது, உக்ரேன் போர் வந்ததும் மாட்டிக்கொண்டது. பாகிஸ்தான் நிலைமை அதைவிடக் கொடுமை. அதே ஆண்டு ஜூலையில் எரிவாயுக் கப்பல்களுக்கு டெண்டர் விட்டது, ஒருவர்கூட விலை சொல்ல வரவில்லை, ஏனென்றால் ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்துக் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. காசு குறைந்தவன் வீட்டில்தான் முதலில் விளக்கு அணைகிறது, நடுவர் அவர்களே. இதையா பாதுகாப்பு என்கிறீர்கள்?

நமக்கு இடம் இல்லை என்பது உண்மைதான். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் மிதக்கும் சூரியத் தகடுகளின் உச்சத் திறன் 60 மெகாவாட், அதை வைத்து ஊர் முழுக்க ஓட்ட முடியாது, இராத்திரியில் அதுவும் கிடையாது. அதனால்தான் 2022ல் லாவோஸ் நீர்மின்சாரத்தைத் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் அளவுக்குக் கொண்டுவரத் தொடங்கினோம். 2035க்குள் ஏறத்தாழ 6 கிகாவாட் கரிமம் குறைந்த மின்சாரத்தை இறக்குமதி செய்வது இலக்கு. "அதுவும் வெளிநாட்டுக் கம்பிதானே?" என்பார்கள். ஆமாம், ஆனால் பல நாடு, பல கம்பி. ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கும், எரிவாயு ஆலைகளும் கைகாவலாக நிற்கும். ஓடும் ஆற்றுக்கும் அடிக்கும் வெயிலுக்கும் எரிபொருள் விலை என்று ஒன்று இல்லவே இல்லை.

கடைசியாக, ஆலைகள் வெளியிடும் கரிமப் புகைக்கு டன் கணக்கில் விதிக்கும் கரிம வரி மின் கட்டணத்தை ஏற்றுகிறது என்று குறைப்பட்டார் நண்பர். ஏற்றத்தான் செய்கிறது. ஆனால் 2019ல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024ல் 25, 2026ல் 45 என்று முன்கூட்டியே அறிவித்து ஏற்றும் வரி அது, அதற்கேற்ப ஆலைக்காரர் திட்டம் போடலாம், குடும்பங்களுக்கு அரசாங்கம் மின், தண்ணீர்க் கட்டணத்தில் யூ-சேவ் என்ற கழிவு கொடுத்துத் தாங்கலாம். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அடுத்த ஆண்டு எரிவாயு என்ன விலை விற்கும்?