மெயில் ஃபோல்டருக்குள் ஒரு மரம்

வணக்கம் நண்பர்களே, காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரம் செய்கிறவர்களின் மெயிலைத் திறந்தால் ஆர்டர், அதற்குள் ஊர், ஊருக்குள் வருஷம் என்று ஃபோல்டர் இறங்கிக்கொண்டே போகும். அதை நாம் எழுதும் புரோகிராமில் எப்படி வைப்பது என்று பார்ப்போம்.

இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளை விரியும் அமைப்பைத்தான் மரம் என்கிறோம். ஐமேப் சர்வர், அதாவது மெயிலை வைத்திருந்து நாம் கேட்கும்போது தரும் கணினி, நமக்கு மரத்தைத் தருவதில்லை. ஃபோல்டர் பட்டியல் கேட்கும் லிஸ்ட் கமாண்ட் கொடுத்தால் 'ஆர்டர்/கோவை/2024' மாதிரி முழுப் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பிரிக்கிற குறி எது என்றும் சர்வரே சொல்லும். சிலதில் சாய்கோடு, சிலதில் முற்றுப்புள்ளி. அதைக் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் வெட்டி, மரத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

நம்ம நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கணக்கு தெரியுமல்லவா? ஒன்பது கோவில், அதில் ஒன்றான இளையாத்தங்குடிக்குள் ஏழு பிரிவு, கடைசியில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரே கோவில்தான். ஃபோல்டர் மரத்திலும் ஒரு நோடுக்கு (மரத்தில் ஒரு ஃபோல்டர் நிற்கும் இடம்) மேலே ஒரே ஒரு பேரண்ட்தான் (அதைத் தன்னுள் வைத்திருக்கும் ஃபோல்டர்).

அதனால் டேட்டாபேஸில் முழுப் பாதையை எழுதாதீர்கள், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதன் பெயரையும், பேரண்ட் எது என்று காட்டும் எண்ணான பேரண்ட் ஐடியையும் மட்டும் வையுங்கள். 'ஆர்டர்' என்ற பெயரை மாற்றினால் ஒரு வரி மாறும், கீழே இருப்பதெல்லாம் தானாகக் கூடவே வரும். முழுப் பாதையாக வைத்திருந்தால் அத்தனை வரியையும் தொட வேண்டும்.

படிக்காத மெயில் எண்ணிக்கைக்குப் போஸ்ட்ஆர்டர்: முதலில் குழந்தைகளை (உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை) கூட்டி, பிறகு மேலே சேர்ப்பது. ஒரு ஃபோல்டரை இழுத்து வேறு இடத்தில் போடும்போது மட்டும் ரொம்பக் கவனம். போடுகிற இடத்திலிருந்து பேரண்ட் பேரண்டாக மேலே ஏறிப் பாருங்கள். வழியில் அதே ஃபோல்டர் வந்தால் அனுமதிக்கக் கூடாது. விட்டுவிட்டால் அந்தக் கிளை வேரிலிருந்து அறுந்து, தன்னையே சுற்றிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கிற மெயில் திரையில் எங்கேயும் வராது.

அப்புறம், தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கிறவர்களுக்கு. 2003-இல் வந்த ஐமேப் விதி ஆவணமான ஆர்எஃப்சி 3501 படி தமிழ்ப் பெயர் மாற்றியமைத்த யூடிஎஃப்-7 என்ற குறியீட்டு முறையில், ஆம்பர்சாண்டில் (&) தொடங்கும் புரியாத எழுத்தாக வரும். 2021-இன் ஆர்எஃப்சி 9051, தமிழை நேராக எழுத விடும் யூடிஎஃப்-8ஐ ஏற்கிறது, ஆனாலும் பழைய முறையில் பேசும் சர்வருக்கும் நம் புரோகிராம் ஈடுகொடுக்க வேண்டும். முதலில் குறியில் வெட்டுங்கள், பிறகு ஒவ்வொரு துண்டையும் தமிழ் எழுத்தாக மாற்றுங்கள். சர்வர் தந்த எழுத்தையும் அதே நோடில் அப்படியே வையுங்கள். திருப்பி அனுப்பும்போது அதுதான் வேண்டும்.